கொலுப்படியில் ஓடிய கொலம்பியா ஆறு

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் வாஞ்சிநாதனைத் தெரியாத தமிழர் கிடையாது. தெரிந்தவர்கள் எல்லாரும் அவரைக் கண்டால் கொஞ்சம் வேகமாக நடப்பார்கள். அவர் இன்ஷூரன்ஸ் விற்கிறவர் இல்லை. ஜாதகம் பார்க்கிறவரும் இல்லை. நல்ல மனுஷர், நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் இரண்டு பேனா. ஆனால் அவரிடம் ஓர் ஆறு இருந்தது.

ஆறு வடக்கே, ரொம்ப வடக்கே இருக்கிறது. பெயர் கொலம்பியா. அதன் மேல் வரிசையாக அணைகள். அந்த அணைகளில் எடுக்கிற மின்சாரம் பெரிய கம்பிகள் வழியாகக் கலிஃபோர்னியா வரைக்கும் இறங்கி வரும். நாளைக்கு எந்த மணி நேரத்துக்கு எவ்வளவு மின்சாரம் அங்கிருந்து வாங்கலாம் என்று ஒரு மின்சாரக் கம்பெனியில் உட்கார்ந்து திட்டம் போடுவதுதான் வாஞ்சிநாதனின் உத்தியோகம். அருப்புக்கோட்டையில் அவரோடு எலெக்ட்ரிகல் படித்தவர்கள் அத்தனை பேரும் சாஃப்ட்வேருக்குப் போய்விட, இவர் ஒருத்தர்தான் கரண்ட்டோடு நின்றார்.

புதிதாக யாராவது ஊருக்கு வந்தால், ஆளுக்கொரு பண்டம் சமைத்து வருகிற பாட்லக்கில் இப்படி நடக்கும்.

"நீங்க எந்த டெக்னாலஜி சார்? கிளவுடா?"

"கிளவுடுல இருந்து விழுது பாருங்க மழை, அது தம்பி."

தம்பி சிரிப்பார். அதுதான் தம்பி செய்கிற தப்பு. அடுத்த நிமிஷம் ஆறு கனடாவில் ஒரு பனிமலை அடிவாரத்தில் பிறந்துவிடும். பிறந்து முதலில் வடக்கே போகும். "எதுக்கு வடக்க போவுது? கடலு மேக்க இருக்கு. ஃப்ரீவேயில எக்ஸிட்டை விட்டுட்டு அடுத்த எக்ஸிட்ல திரும்புறோம்ல, அந்த மாதிரி" என்று வாஞ்சிநாதன் கையால் ஒரு யு-டர்ன் போட்டுக் காட்டுவார். அந்தக் கை திரும்புவதற்குள் தம்பி காதில் ஃபோனை வைத்திருப்பார். மணி அடித்திருக்காது. அனுபவசாலிகள் இன்னும் தேர்ந்தவர்கள். "பையனுக்கு டயப்பர் மாத்தணும் சார்" என்று நழுவிய ஒருத்தருக்குப் பையன் காலேஜில் படிக்கிறான்.

லீவு விட்டால் எல்லாரும் குழந்தைகளை ரோலர் கோஸ்டருக்குக் கூட்டிப்போவார்கள். வாஞ்சிநாதன் மனைவி சண்முகப்ரியாவையும் மகள் வான்மதியையும் அணைக்கட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே சால்மன் மீன்கள் ஆற்றில் மேலே ஏறுவதற்கென்று படிப்படியாகத் தண்ணீர்ப் பாதை கட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜன்னல். அந்த ஜன்னல் முன்னால் எலுமிச்சம்பழச் சாதத்தோடு உட்கார்ந்தவர் சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை. அந்தப் பயணத்தின் ஃபோட்டோக்களில் மூன்று பேரும் ஒரு சிமெண்ட் சுவர் முன்னால் நிற்பார்கள். பொள்ளாச்சியிலிருந்து ப்ரியாவின் அண்ணன் கேட்டார், "என்னம்மா, ஏர்போர்ட்ல மாட்டிக்கிட்டீங்களா?"

விஷயம் முற்றியது ஒரு பிறந்தநாள் விழாவில். கேக் வெட்டுவதற்காக லைட்டை அணைத்தார்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எல்லாரும் பாட்டுக்கு வாயைத் திறந்த நேரத்தில் வாஞ்சிநாதனின் குரல் கேட்டது: "இப்ப அணைச்சீங்களே லைட்டு, அது எங்க இருந்து வந்துச்சு தெரியுமா?" லைட்டை மறுபடி போட்டபோது அறையில் கேக்கும், பிறந்தநாள் குழந்தையும், வாஞ்சிநாதனும் மட்டும் இருந்தார்கள். குழந்தைக்கு வயது ஒன்று. அதனால் ஓட முடியவில்லை.

காரில் திரும்பும்போது மவுரி அவென்யூ சிக்னலில் ப்ரியா ரேடியோவை அணைத்தாள். அது நல்ல அறிகுறி இல்லை.

"என்னங்க, இனிமேல் வெளிய எங்கயும் அந்த ஆத்தைப் பத்திப் பேசக் கூடாது. நான் சொல்லிப்போட்டேன்."

"ஏன், யாருக்கு என்ன கஷ்டம்?"

பின்சீட்டிலிருந்து பதில் வந்தது. வான்மதிக்குப் பதினான்கு வயது. சொந்தமாகப் பேசினால் இங்கிலீஷ்தான். தமிழ் வரவேண்டுமென்றால் யார் குரலையாவது எடுத்துக்கொள்ள வேண்டும். இப்போது அப்பாவின் குரலை எடுத்துக்கொண்டாள். "எதுக்கு வடக்க போவுது? ஃப்ரீவேயில எக்ஸிட்டை விட்டுட்டு..." பிறகு தன் குரலுக்குத் திரும்பி, "டாட், நோபடி ஹேஸ் எவர் ஹேர்ட் தி எண்டிங்," என்றாள்.

வாஞ்சிநாதனுக்கு அது சுருக்கென்று தைத்தது. உண்மைதான். ஆறு அவர் வாயிலிருந்து ஒரு தடவைகூடக் கடலில் போய்ச் சேர்ந்ததில்லை. பெரும்பாலும் கனடாவிலேயே நின்றுபோகும். ஒரே ஒரு தடவை வாஷிங்டன் மாநிலம்வரை வந்தது. அன்றைக்குக் கேட்டவருக்குக் காலில் கட்டு.

"ஒரு சான்ஸ் குடு," என்றார். "இந்த வருஷக் கொலுவுல தீம் நான் பண்றேன். ஆறு, அணை, டர்பைன், எல்லாம் ஓடும். லைட்டு எரியும். கண்ணால பாத்தா கேப்பாங்க."

ப்ரியா யோசித்தாள். கொலு அவளுடைய ராஜ்ஜியம். ஆனால் ஒரேயடியாகத் தீர்வு காண இது நல்ல வழியாகவும் பட்டது.

"சரிங்க. மரகதம் ஆன்ட்டி வருவாங்கள்ல. அவங்ககிட்ட சொல்லுங்க. ஆறு கடலுக்குப் போற வரைக்கும் அவங்க உக்காந்து கேட்டுட்டாங்கன்னா, அப்பறம் நீங்க எங்க வேணா பேசிக்கங்க, நான் வாயே தொறக்க மாட்டேன். நடுவுல எந்திரிச்சுட்டாங்கன்னா அடுத்த கொலு வரைக்கும் அந்த ஆத்துப் பேரு எந்தப் பார்ட்டியிலயும் உங்க வாயில வரக் கூடாது."

"டீல்," என்றது பின்சீட்டு, யாரும் கேட்காமலே.

மரகதம் ஆன்ட்டி தமிழ்ச் சங்கத்தின் மகளிர் பிரிவுத் தலைவி. நவராத்திரியில் அவர் ஒரு வீட்டில் இருப்பது மைக்ரோவேவில் பால் சுடுகிற நேரம். வருவார், "ஸோ க்யூட்" என்பார், பாதிப் பாட்டுப் பாடுவார், சுண்டலை டப்பாவில் வாங்கிக்கொள்வார், குங்குமம் வைத்துக்கொண்டு தாம்பூலப் பையோடு போய்விடுவார். "இன்னும் எவ்ளோ வீடு பாக்கி தெரியுமா கண்ணா" என்பது வாசல்படியில் கேட்கும். அவரை உட்கார வைத்துக் கனடாவிலிருந்து கடல்வரை கூட்டிப்போவதென்பது, சால்மன் மீன் அணையை ஏறுவதைவிடக் கஷ்டம்.

வாஞ்சிநாதன் நேராக தாமஸ் வீட்டுக்குப் போனார். தாமஸ் நாகர்கோவில்காரர். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவர் கராஜில் கட்டுகிற குடிலைப் பார்க்கச் சான் ஹோசேயிலிருந்தெல்லாம் வருவார்கள். அதில் நிஜமாகவே ஓடை ஓடும், பாலம் இருக்கும், மலை மேல் மேகம்கூடப் புகையும்.

"மக்கா, ஓடைக்குத் தொட்டி, பம்பு, பைப்பு எல்லாம் நம்மட்ட கெடக்கு. கொண்டுட்டுப் போ. ஆனா ஒண்ணு, ஓடைன்னா சும்மா ஓடும். நீ அதை வச்சு லைட்டு எரிக்கணும்னு நிக்க. அது கொஞ்சம் பாடுதான் பாத்துக்க."

இரண்டு பேரும் பாடுபட்டார்கள். பிளாஸ்டிக் ஸ்பூன்களை வெட்டி ஒரு மூடியைச் சுற்றி ஒட்டி டர்பைன் ஆனது. பொம்மைக் காரிலிருந்து பிடுங்கிய மோட்டாரைத் திருப்பிப் போட்டு அதையே டைனமோ ஆக்கினார்கள். கொலுப்படிக்குப் பக்கத்திலேயே மலை, மலையிலிருந்து ஆறு, ஆற்றுக்குக் குறுக்கே அட்டையில் அணை, அணைக்குக் கீழே ஒரு குட்டி பல்பு. ஆறு ஓடி, ஸ்பூன்கள் சுற்றி, பல்பு மினுக்கென்று எரிந்தபோது தாமஸ் சிலுவை போட்டுக்கொண்டார்.

வான்மதி வந்து பார்த்தாள். "ஸோ யூ யூஸ் எலெக்ட்ரிசிட்டி டு பம்ப் த வாட்டர் டு மேக் லெஸ் எலெக்ட்ரிசிட்டி."

"நிஜ ஆத்துல பம்பு கிடையாது. அங்க சூரியன்தான் பம்பு," என்றார் வாஞ்சிநாதன். பதில் முடிவதற்குள் அவள் மாடிக்குப் போய்விட்டாள்.

பொம்மைகளுக்கும் வேலை மாற்றம் வந்தது. மரப்பாச்சித் தம்பதிக்கு மஞ்சள் ஹெல்மெட் வைத்து அணை எஞ்சினியர் ஆக்கினார். செட்டியார் கடை, அணையைச் சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கான கேன்டீன் ஆனது. மீன் ஏறுகிற படிகளில் நிறுத்த ஒரு மீன் வேண்டுமே என்று தேடியவர், தசாவதார செட்டிலிருந்து மச்சாவதாரத்தை டெபுடேஷனில் எடுத்துக்கொண்டார்.

"மேல ஒம்போது பேரு நிக்கறாங்க," என்றாள் ப்ரியா. "பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"ஒருத்தர் ஃபீல்டு வொர்க் போயிருக்காருன்னு நினைப்பாங்க."

ஆற்றங்கரையில் குடிலைச் சேர்ந்த ஒரு பிளாஸ்டிக் ஆட்டுக்குட்டி ஒட்டியபடியே வந்திருந்தது. பிய்த்தால் கரையும் சேர்ந்து வந்தது. விட்டுவிட்டார்கள்.

முதல் நாள்களில் வந்த விருந்தினர் பல்பைப் பார்த்துக் கை தட்டிவிட்டுப் போனார்கள். வாஞ்சிநாதன் அவர்களிடம் வாயைத் திறக்கவில்லை. எல்லாவற்றையும் மரகதம் ஆன்ட்டிக்காகச் சேமித்து வைத்தார். ஆபீஸுக்குப் போகும்போது காரில் ஒத்திகை பார்த்தார். ஒரு ஒத்திகையில் ஆறு கடலுக்கு ஐந்து மைல் பக்கத்தில் வந்துவிட்டது. அதற்குள் பார்க்கிங் வந்துவிட்டது.

மரகதம் ஆன்ட்டி வந்தது ஆயுத பூஜை அன்றைக்கு. காலையிலேயே ப்ரியா சந்தனக் கிண்ணத்தோடு வீட்டைச் சுற்றி வந்திருந்தாள். கார், லேப்டாப், ரைஸ் குக்கர், வருஷம் முழுக்கத் துணி காயப்போடும் ட்ரெட்மில் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். உழைக்கிற எந்த இயந்திரத்தையும் அவள் விடவில்லை. கொலுவுக்கு வந்தாள். பாவம், ஒன்பது நாளாக ஓயாமல் சுற்றுகிறதே என்று, பம்பை நிறுத்தி, டர்பைனில் ஒரு ஸ்பூனுக்கு நல்ல தடிமனாகச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள். அவளுக்கு அதில் எந்தக் கள்ளமும் இல்லை. பக்தி மட்டும்தான்.

சாயங்காலம் ஆன்ட்டி உள்ளே வந்தார், பின்னால் மகளிர் பிரிவில் இருந்து நாலைந்து பேரோடு. சுண்டலுக்காக வந்திருந்த தாமஸ் ஓரமாக நின்றார். "ஸோ க்யூட். ஏன்டி ப்ரியா, இது என்ன, தண்ணித் தொட்டி?" என்றார் ஆன்ட்டி.

"ஆன்ட்டி, உக்காருங்க," என்றார் வாஞ்சிநாதன். பம்பைத் தட்டினார். ஆறு கிளம்பியது. டர்பைன் சுற்றியது. பல்பு எரிந்தது. "இது கொலம்பியா ஆறு. கனடாவுல பொறக்குது. பொறந்து முதல்ல வடக்க போவுது. எதுக்கு வடக்க போவுது?"

ஆன்ட்டியின் கண் சமையலறைப் பக்கம் போனது. வாஞ்சிநாதன் அவசரமாக யு-டர்ன் போட்டார்.

அந்த நேரம் பார்த்து டர்பைன் நொண்ட ஆரம்பித்தது. சந்தனம் அப்பிய ஸ்பூன் பாரம் தாங்காமல் கீழே வந்து நின்றுகொள்ளும், தண்ணீர் முக்கி முக்கி அதைத் தள்ளும், மறுபடி கீழே வந்து நிற்கும். நாலு தடவை அப்படி இழுத்துவிட்டு ஒரேயடியாக நின்றது. பல்பு போய்விட்டது.

"என்னாச்சு?" என்றார் ஆன்ட்டி.

"சந்தனம் கூடிப்போச்சு," என்று தாமஸ் குனிந்து பார்த்தார். "எந்தப் புண்ணியவதி பூசினாவளோ, முழு உருண்டையையும் ஒத்தை ஸ்பூன்ல வச்சிருக்காவ."

புண்ணியவதி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஆன்ட்டி புடவையைச் சரிசெய்தார். எழுவதற்கு முன்னால் அவர் செய்கிற காரியம் அது. வாஞ்சிநாதன் வாயில் எது வந்ததோ அதைச் சொன்னார்: "நிஜத்துலயும் இப்படித்தான் ஆன்ட்டி. வடக்க டர்பைன் நின்னா இங்க நமக்குக் கரண்ட் கொறையும். எவ்ளோ வரும், எவ்ளோ வராதுன்னு கணக்குப் பாக்கறதுதான் என் வேலை."

புடவை மேலிருந்த கை அப்படியே நின்றது.

"என்ன சொன்னீங்க?"

"என் வேலை ஆன்ட்டி. கரண்ட்டு."

"நீங்க ஜாவா சாஃப்ட்வேர் இல்லையா?"

"இல்ல ஆன்ட்டி."

மரகதம் ஆன்ட்டி நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "போன வருஷம் ஜூலையில என் பொண்ணுக்கு வளைகாப்பு பண்ணேன். நீங்களும்தான் வந்தீங்க. வளையல் அடுக்கற நேரத்துல கரண்ட் போச்சே. ஏசி இல்ல, ஸ்டவ் இல்ல, கராஜ் கதவு தொறக்கல, உள்ள ஐஸ்கிரீம். ஃபோன் டார்ச்ல வளையல் போட்டோம். ஃபோட்டோல என் சம்பந்தி ஆவி மாதிரி இருக்காங்க. அது நீங்களா?"

ஆறு மட்டும் சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

அது ஓர் அணில். வாஞ்சிநாதனுக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்குத் தெருமுனைக் கம்பத்தில் இருந்த டிரான்ஸ்ஃபார்மரில் ஓர் அணில் ஏறிக் கருகி, அந்தத் தெருவுக்கு மட்டும் கரண்ட் போனது. இவரே லைன்மேன் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வந்து ப்ரியாவிடம் சொல்லியிருந்தார். எதிரே நின்ற ப்ரியா இப்போது சத்தமில்லாமல் வாயை அசைத்தாள்: அ-ணில்.

சொன்னால் ஒரே வார்த்தை. சொன்னால் ஆன்ட்டி, "ஓ, ஸோ ஸேட்" என்று எழுந்துவிடுவார். ஆறு கனடாவிலேயே நிற்கும், ஒரு வருஷத்துக்கு. வாஞ்சிநாதன் ஆற்றைப் பார்த்தார். ஆன்ட்டியைப் பார்த்தார். ஒரு மனுஷி தன் வாழ்க்கையில் முதல்முறையாக நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"ஒரு வகையில," என்று தலையைக் குனிந்தார், "நான்தான் ஆன்ட்டி."

தாமஸ் கையிலிருந்த சுண்டல் பாதி வழியில் நின்றது.

"எல்லாரும் உக்காருங்கடி," என்றார் மரகதம் ஆன்ட்டி. "இதை நான் விசாரிக்காம விடப்போறதில்ல. முதல்லேர்ந்து சொல்லுங்க."

முதல்லேர்ந்து சொல்லுங்க. இந்த இரண்டு வார்த்தையை யாரும் அவரிடம் சொன்னதில்லை. வாஞ்சிநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. குற்ற உணர்ச்சி என்று நினைத்து ஆன்ட்டி இன்னும் கடுமையானார்.

ஆறு கிளம்பியது. வடக்கே போனது, திரும்பியது, எல்லையைத் தாண்டியது. ஒவ்வொரு அணையிலும் ஆன்ட்டி வண்டியை நிறுத்திச் சோதனை போட்டார். "இந்த அணையில அன்னிக்கு யாரு ட்யூட்டி?" "பனி உருகற தண்ணி ஜூன்லயே தீந்துபோச்சுன்னா, ஜூலைல வளைகாப்பு வச்சா நீங்க முன்னாடியே சொல்ல வேண்டாமா?" வாஞ்சிநாதன் ஒவ்வொன்றுக்கும் மகிழ்ச்சியோடு பதில் சொல்லிக் குற்றத்தில் ஆழமாக இறங்கிக்கொண்டே போனார்.

மீன் படிக்கட்டில் வந்து பெரிய நிறுத்தம்.

"இந்த மீன் எதுக்கு ஏறுது?"

"முட்டை போட ஆன்ட்டி. கடல்லேர்ந்து பொறந்த எடத்துக்கே திரும்பி வரும். அதோட குஞ்சுங்க கடலுக்கு எறங்கற சீசன்ல கேட்டைத் தொறந்து சும்மாவே தண்ணி விடணும். அந்தத் தண்ணி டர்பைனுக்குப் போகாது."

"எந்த சீசன்?"

"ஜூலையும் அதுலதான் வரும்."

ஆன்ட்டி நாற்காலியில் சாய்ந்தார். "அப்ப என் பொண்ணோட வளைகாப்பை ஒரு மீனோட பிரசவம் கெடுத்திருக்கு."

"அப்படியும் சொல்லலாம் ஆன்ட்டி."

கூட வந்திருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆன்ட்டி மச்சாவதாரத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். குரல் இறங்கியது. "பாவம். மாசமா இருக்கறதை இத்தனை படி ஏற விட்டிருக்கீங்களே. ஒரு லிஃப்ட் வைக்கக் கூடாதா?" தலையிலிருந்த மல்லிகையில் ஒரு துண்டைக் கிள்ளி மீன் முன்னால் வைத்தார். "சரி, மேல சொல்லுங்க. அதுக்கப்பறம் ஆறு எங்க போறது?"

அதற்குள் தாமஸ் பல்குச்சியால் சந்தனத்தைச் சுரண்டி எடுத்துவிட்டார். பல்பு எரிந்தது. அந்த வெளிச்சத்தில், முதல்முறையாக, கொலம்பியா ஆறு பசிபிக் சமுத்திரத்தில் போய்ச் சேர்ந்தது.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது ஆன்ட்டி."

தாம்பூலப் பையை நீட்டிய ப்ரியாவின் முகம் பந்தயத்தில் தோற்ற முகமாக இருந்தது. வாசல்படியில் நின்று ஆன்ட்டி தீர்ப்புச் சொன்னார்: "மீனுக்காகன்னு சொன்னதால மன்னிச்சு விடறேன். இனிமே யாரு வீட்ல ஃபங்ஷன்னாலும் முன்னாடியே உங்ககிட்ட சொல்லச் சொல்லிடறேன். மறுபடி இப்படி நடக்கப்படாது."

அன்று ராத்திரியே மகளிர் பிரிவு வாட்ஸ்அப்பில் அறிவிப்பு வந்துவிட்டது. கரண்ட் விஷயம் வாஞ்சிநாதன் சார் கையில் இருக்கிறது, விசேஷம் வைக்கிறவர்கள் அவரிடம் ஒரு வார்த்தை போட்டுவிடவும்.

மறுநாளிலிருந்து ஃபோன் வர ஆரம்பித்தது. "சார், சனிக்கிழமை சத்யநாராயண பூஜை. மத்தியானம் வரைக்கும் கொஞ்சம் பாத்துக்கங்க." "சார், புது வீட்ல பால் காய்ச்சறோம், இண்டக்ஷன் ஸ்டவ்வு." எல்லாருக்கும் வாஞ்சிநாதன் ஒரே பதில்தான் வைத்திருந்தார். "பாத்துக்கறேன். ஆனா அதுல ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். அந்த ஆறு கனடாவுல பொறக்குது." எதிர்ப்பக்கம் யாரும் ஃபோனை வைக்கவில்லை. வைத்தால் கரண்ட் போய்விடுமோ என்று பயம். டயப்பர் மாற்றப் போனவர்கூடக் கடல்வரை வந்தார்.

"எத்தனை நாளைக்குங்க இந்தப் பொய்?" என்றாள் ப்ரியா.

"நான் எங்க பொய் சொல்றேன்? பாத்துக்கறேன்னுதானே சொல்றேன். நான் பாட்டுக்குப் பாத்துட்டுதான இருக்கேன்."

வான்மதி படியில் உட்கார்ந்து மரகதம் ஆன்ட்டி குரலில், "மறுபடி இப்படி நடக்கப்படாது," என்றாள்.

அடுத்த வாரம் நியூ ஜெர்சியிலிருந்து ஒரு ஃபோன். பேசியது மரகதம் ஆன்ட்டியின் சம்பந்தி, அந்த டார்ச் ஃபோட்டோவில் ஆவி மாதிரி இருந்தவர். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் பேரனுக்குக் காது குத்துகிறார்களாம்.

கொலம்பியா ஆற்றுக்கும் நியூ ஜெர்சிக்கும் ஒரு கம்பி சம்பந்தமும் இல்லை. அந்த மின்சாரம் அந்தப் பக்கமே போவதில்லை. வாஞ்சிநாதன் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்ல சார்," என்றார் அந்த அம்மாள். "சம்பந்தி எல்லாம் சொன்னாங்க. நீங்க முதல்லேர்ந்து நிதானமா சொல்லுங்க. நான் ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். எங்க வீட்ல எல்லாரும் உக்காந்திருக்கோம்."

வாஞ்சிநாதன் கராஜில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தேதி சொல்லுங்கம்மா," என்றார்.